உருள்பட்டை காணாமல்போன திங்கட்கிழமை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மருந்துக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே சிவபாதசுந்தரத்தின் இன்டர்நெட் கடை இருந்தது. ஐந்து கணினிகள், ஆறு கதிரைகள், ஒரு மேசை விசிறி. ஆறாவது கதிரை சுந்தரத்துக்கு. வாசற்பலகையில் கடையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ‘கணினி நிபுணர்’ என்று இருந்தது. அந்தச் சொல்லைப் போடலாமா என்று கேட்டவர் பலகை எழுதியவர்தான். பெயருக்குக் கீழே இடம் வெறுமையாகக் கிடக்கிறதாம். சுந்தரம் அரை நிமிடம் கூச்சப்பட்டார். பிறகு எழுத்தைக் கொஞ்சம் பெருப்பிக்கச் சொன்னார்.

நிபுணராவதற்கு முன் அவர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருபத்துநாலு வருடம் கிளாக்காக இருந்தவர். ஐம்பது வயதில் ஓய்வு வாங்கிக்கொண்டு ஆறுமாதக் கணினி வகுப்பொன்றுக்குப் போனார். அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. வகுப்பில் படித்தவற்றில் பெரும்பகுதி மறந்துவிட்டது. ஆனால் எந்த மெஷினுக்கு என்ன வருத்தம் வந்தாலும் நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் பத்தில் ஏழு தரம் சுகமாகிவிடும் என்று அனுபவத்தில் கண்டிருந்தார். அது எழும்பி வரும்வரை ஏதாவது இங்கிலீஷ் சொல்லொன்றை முணுமுணுத்துக்கொண்டு நின்றால் சனம் பொறுமையாகக் காத்திருக்கும் என்பதும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

2008ஆம் ஆண்டு ஆடி மாதம். ஒரு ஞாயிறு பின்னேரம், கடை பூட்டியிருந்த நேரத்தில், கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. பிரவுசருக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது. சுந்தரத்துக்கு இப்படியான பெட்டிகள் பிடிக்கும். அந்த நாட்களில் கொழும்பில் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு செய்த காரியங்கள் மிகவும் குறைவு. ஓம் என்று அழுத்தினார். பிறகு நீளமான எச்சரிக்கை ஒன்று வந்தது. வாசிக்காமலே அதற்கும் ஓம். இன்னொன்று வந்தது. அதற்கும் ஓம். ஐந்து மெஷினிலும் இதே மாதிரி ஓம் ஓம் என்று சொல்லி முடித்துவிட்டு, மேல்மாடியில் இருந்த வீட்டுக்குப் போய் மனைவி நேசமலரிடம் “முழு சிஸ்டத்தையும் அப்டேட் பண்ணிப்போட்டன்” என்றார். நேசமலர் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். நல்லது என்றாள்.

திங்கட்கிழமை முதலாவதாக வந்தவர் தியாகராசா. அறுபத்தெட்டு வயது, முன்னாள் புகையிரத நிலைய அதிபர். ஒவ்வொரு காலையும் அரைமணி நேரம் மரண அறிவித்தல்கள் வாசிப்பார். கனடாவிலும் லண்டனிலும் செத்துப்போன ஊர்க்காரரைப் பற்றி அவருக்கு அந்த நாடுகளில் இருக்கும் உறவினர்களுக்கு முன்னமே தெரிந்துவிடும்.

“சுந்தரம், இஞ்ச வாரும். இந்தாளின்ர முகம் மட்டும்தான் தெரியுது. ஆரெண்டு பார்ப்பம் எண்டால் கீழ போகுதில்லை. செத்தவரோ, இல்லாட்டி பிறந்தநாளோ எண்டும் விளங்கேல்லை.”

சுந்தரம் போய்ப் பார்த்தார். திரையின் வலப்பக்கத்தில், மேலும் கீழும் இழுக்கிற அந்தப் பட்டை இருக்கவேண்டிய இடத்தில், வெறும் நீலம் தெரிந்தது. அவருடைய வகுப்புக் குறிப்பில் அதற்கு ‘உருள்பட்டை’ என்று பெயர். கடைக்கு வருகிறவர்கள் ஸ்க்ரோல் பார் என்பார்கள். மௌஸைப் பிடித்து அந்த இடத்தில் குத்தினார். பிறகு மௌஸைத் தூக்கி மேசையில் குத்தினார். அவருடைய மௌஸ்கள் புறக்கோட்டையில் ஒன்றாகச் சேர்த்து வாங்கிய பழைய இரண்டு பொத்தான் சாதி. நடுவில் உருட்டுகிற சக்கரம் இல்லை. அடுத்த மெஷினைப் போட்டார். அதிலும் இல்லை. ஐந்திலும் இல்லை.

“காணேல்லை! எல்லாம் காணாமல் போட்டுது!” என்று கத்திவிட்டார்.

பக்கத்துத் தையற்கடையில் மெஷின் சத்தம் நின்றது. மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். ஆட்கள் காணாமல்போய்க்கொண்டிருந்த அந்த வருடத்தில் யாரும் சத்தமாகச் சொல்லாத சொல் அது. “ஆள் ஒண்டும் இல்லை, ஆள் ஒண்டும் இல்லை. கொம்பியூட்டரில ஒரு கோடு” என்று சுந்தரம் இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்ல வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கனகேஸ்வரி வந்தார். யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியில் முப்பத்துமூன்று வருடம் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நோர்வேயில் இருக்கும் மகளிடம் போவதற்காகக் கொழும்புக்கு வந்து, அடுத்த ஒழுங்கை லொட்ஜ் ஒன்றில் மூன்று மாதமாகத் தங்கியிருந்தார். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் எப்போது போவீர்கள் என்று கேட்கிறார்களாம். தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் எடுப்பதென்றால் இன்டர்நெட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அன்று பின்னேரம் நாலு மணியோடு அது மூடுகிறது. தவறினால் இன்னும் மூன்று மாதம்.

“எல்லாம் எழுதிக்கொண்டு வந்தனான், தம்பி. நீங்கள் போட்டு அனுப்பிவிட்டால் காணும்” என்று ஒரு தாளை நீட்டினார். அச்சடித்தது போல எழுத்து.

விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது சுந்தரத்தின் கடையில் தனிச் சேவை. இரண்டு சுட்டுவிரலாலும் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் மௌஸால் போவார். பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் என்று ஆறாவது கேள்விவரை வந்தது. ஏழாவது கேள்வியின் தலைப்பகுதி மட்டும் திரையின் அடியில் தெரிந்தது. அதற்குக் கீழே எத்தனை கேள்வி, எங்கே அனுப்பும் பொத்தான் என்பதெல்லாம் கடவுளுக்கும் தூதரகத்துக்கும் மட்டுமே தெரியும்.

நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார். வைரஸ் தேடவிட்டார், இருபது நிமிடம் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்றது. பிரவுசரை முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக இறக்கினார். அது வந்து திறந்தபோது அதே நீலம், அதே வெறுமை.

“வைரஸோ, தம்பி?” என்று கனகேஸ்வரி கேட்டார்.

“சேர்வர்ப் பக்கத்துப் பிரச்சினை, அக்கா.”

“அப்ப நான் வேற கடையில ஒருக்கா...”

இந்த இடத்தில் சுந்தரத்துக்கு நாக்குப் புரண்டது. எதிர்ப்பக்கம் இருபது மீற்றர் தூரத்தில் இன்னொரு இன்டர்நெட் கடை. நடத்துகிறவன் இருபத்தாறு வயது இளந்தாரி. அவனுடைய பலகையில் நிபுணர் என்றெல்லாம் இல்லை, ஆனால் சனம் வரிசையில் நிற்கும். அங்கே இவரை அனுப்புவதா?

“வேற கடையளிலயும் இதே பிரச்சினைதான், அக்கா. கொழும்பு முழுக்க. நீங்கள் இதில இருங்கோ, நான் ஒரு மெஷினைக் கொண்டுபோய் உடனை சரிபார்த்துக்கொண்டு வாறன்” என்றார்.

கனகேஸ்வரி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்று உட்கார்ந்தார். சுந்தரம் நேசமலரைக் கீழே கூப்பிட்டுக் கடையில் விட்டுவிட்டு, ஒரு மெஷினின் வயர்களையெல்லாம் பிடுங்கி, பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடித்தார். புறக்கோட்டையில் ஸாலிஹ் என்றொரு திருத்துனர் இருந்தான். சுந்தரத்துக்கு மெஷின்களை விற்றவனும் அவன்தான்.

பெட்டி மடியில் கனத்தது. பம்பலப்பிட்டி தாண்டியபோது ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்று உறைத்தது. அந்த மனுசி தன் வாயை நம்பி உட்கார்ந்திருக்கிறது. ஒரு போன் எடுத்து, எதிர்க்கடைக்குப் போங்கோ அக்கா என்று சொன்னால் விஷயம் முடிந்தது. போனை வெளியே எடுத்தார். என்ன காரணம் சொல்வது என்று யோசித்தார். கொழும்பு முழுக்க என்று சொன்ன சர்வதேசப் பிரச்சினை அரைமணி நேரத்தில் எதிர்க்கடையில் மட்டும் தீர்ந்துவிட்டதாக எப்படிச் சொல்வது? போனைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடலாம் என்று தனக்குத் தானே சொன்னார்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் குனிந்து பார்த்தான். மடியில் துணி கட்டிய இரும்புப் பெட்டியோடு, வியர்த்து வழிகிற ஒரு தமிழர். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சிப்பாய் இரண்டடி பின்னால் போய், “அய்யே, மேக்க மொகத?” என்றான். இது என்ன?

“கொம்பியூட்டர். கெடிலா” என்றார் சுந்தரம். உடைந்துவிட்டது.

என்ன உடைந்தது என்று கேட்டான். சுந்தரத்தின் சிங்களம் மரக்கறிக்கடைக்குப் போதுமானது, உருள்பட்டைக்குப் போதாது. காற்றில் விரலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, அது இல்லை என்று கையை விரித்தார். இல்லாத ஒன்றைத் திருத்தத்தான் இந்தப் பெட்டியைக் கொண்டுபோகிறார் என்பது சிப்பாய்க்கு நல்ல செய்தியாகப் படவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டான். பெட்டியை வீதியோரத்தில் வைத்துத் திறக்கச் சொன்னார்கள். ஸ்க்ரூட்ரைவர் எங்கே என்றார் அதிகாரி. கணினி நிபுணரிடம் ஸ்க்ரூட்ரைவர் இல்லை. ஓட்டோக்காரர்தான் ஒன்றைத் தந்தார். மூடியைக் கழற்றியதும் கைநிறையத் தூசியும் இரண்டு கரப்பான்களும் வெளியே வந்தன. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஒயா கொம்பியூட்டர் கென தன்னவத?” உனக்குக் கணினியைப் பற்றித் தெரியுமா என்ற அந்தக் கேள்வியில் என்ன பொறி இருக்கிறதென்று சுந்தரத்துக்குப் பிடிபடவில்லை. நிபுணர் என்று சொன்னால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களோ?

“நே, நே. மம முகுத் தன்னே நே” என்றார். எனக்கு ஒன்றுமே தெரியாது.

அன்று காலையிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். அதிகாரி சிரித்துவிட்டு, “ஹரி, யன்ன” என்று போகச் சொன்னார்.

புறக்கோட்டைக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஸாலிஹ் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தான். மாடிப்படியில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூட்டை தூக்கிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, சுந்தரம் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார்.

“வாங்க அண்ணே. என்ன இது, பொட்டியயே தூக்கிட்டு வந்தீக்கிறீங்க?” என்று ஸாலிஹ் வந்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே வயரைச் செருகி, பிரவுசரைத் திறந்தான். அவன் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது.

“ஆரு அண்ணே இந்த மயில போட்ட?”

மயிலைப் போட்டது சுந்தரம்தான். இரண்டு மாதத்துக்கு முன் எங்கேயோ இலவசமாகக் கிடைத்தது. பிரவுசருக்குச் சட்டை மாட்டுவது போல ஓர் அலங்காரம். விளிம்பெல்லாம் மயில் நீலம், மூலையில் ஒரு தோகை. எதிர்க்கடையில் இல்லாத அழகு தன் கடையில் இருக்கட்டும் என்று ஐந்து மெஷினிலும் மாட்டியிருந்தார். ஒரே ஒருவர் மட்டும் நல்லாயிருக்கு என்று சொல்லியிருந்தார். அவர் அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு வரவில்லை.

“இது பழைய வேர்ஷனுக்குத் தெச்ச உடுப்பு அண்ணே. புதுசுக்குப் பத்தாது. அதான் ஸ்க்ரோல் பார மூடிட்டு ஈக்கிது. அப்டேட் பண்ணக்குள்ள இது சரிவராது, வெச்சிக்கவா கழட்டவா எண்டு கேட்டீக்குமே?”

கேட்டது. ஓம் என்று சொன்னவர் இதோ நிற்கிறார்.

“நான் முழுசா அழிச்சிட்டுத் திரும்பவும் போட்டனானே, ஸாலிஹ்?”

“ஒங்கட செட்டிங் எல்லாம் அது பத்திரமா வெச்சீக்கும். திரும்பப் போட்டா மயிலும் திரும்ப வரும்.” இரண்டு சொடுக்கு. நீலம் போய்ச் சாம்பல் நிறம் வந்தது. வலப்பக்கத்தில் உருள்பட்டை எதுவும் நடக்காதது போல நின்றது.

திரும்பி வரும் வழியில் யாரோ பெரிய ஆள் போவதற்காகக் காலி முகத்திடலடியில் வீதியை மூடிவிட்டார்கள். ஒரு மணி நேரம். ஓட்டோவுக்குள் வெந்துகொண்டிருந்தபோது சுந்தரம் கடைசியில் போனை எடுத்துக் கடைக்கு அடித்தார். என்ன வெட்கமென்றாலும் பரவாயில்லை, கனகேஸ்வரியை எதிர்க்கடைக்கு அனுப்பச் சொல்லவேண்டும். மணி அடித்துக்கொண்டே போனது, யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. மூன்று ஐந்து, மூன்று பத்து என்று ஓட்டோக்காரரின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அந்த மனுசி இன்னும் மூன்று மாதம் லொட்ஜில் இருந்து, பொலிசுக்குப் பதில் சொல்லவேண்டும், அதுவும் ஒரு மயிலால் என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஓட்டோக்காரர் வெய்யில் கண்ணில் படுகிறதாக்கும் என்று திரையை இறக்கிவிட்டார்.

மூன்று நாற்பதுக்குக் கடை வாசலில் வந்து இறங்கினார். உள்ளே கால்வைக்க இடமில்லை. நாலு மெஷினிலும் ஆட்கள், சுவரோரம் இன்னும் மூன்று பேர். இந்தச் சந்தடியில் போன் அடித்தது யாருக்கும் கேட்டிராது. தியாகராசா வீட்டுக்குப் போகவேயில்லை. நடுவில், சுந்தரத்தின் கதிரையில், கனகேஸ்வரி இருந்தார். பத்து விரலும் மழை பெய்வது போலத் தட்டிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவரின் வேலை விண்ணப்பம்.

“அக்கா! உங்கட அலுவல்?” என்று கேட்டார் சுந்தரம்.

“அது பதினொன்றரைக்கே அனுப்பியாச்சு, தம்பி. நாளும் வந்திட்டுது. ஆவணி பன்னிரண்டு.”

“எப்பிடி? கீழ போகாதே?”

“டைப்ரைட்டரில அடுத்த கட்டத்துக்குப் போறதுக்கு Tab எண்டு ஒரு கட்டை இருக்குமெல்லே. இதிலயும் அதே பேரில ஒண்டு கிடந்துது. சும்மா தட்டிப் பார்த்தன். ஏழாவது கேள்விக்குப் போச்சுது, தாளும் தன்ரபாட்டில மேல வந்துது.”

“அப்ப இவருக்கு?” தியாகராசாவைக் காட்டினார்.

“அவருக்கு இந்தக் கட்டை.” கனகேஸ்வரி விசைப்பலகையின் வலப்பக்கத்தில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். “பேஜ் டவுன் எண்டு அதிலேயே எழுதிக் கிடக்குதே, தம்பி.”

மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் தூசி தட்டுகிற விசைப்பலகை. சுந்தரம் குனிந்து பார்த்தார். எழுதித்தான் கிடந்தது.

“செத்தது எங்கட சுன்னாகத்து ஆள்தான்” என்றார் தியாகராசா, மிகுந்த நிறைவோடு.

நேசமலர் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். கணவன் மெஷினைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, “என்ன பிழையாம்?” என்று கேட்டாள்.

ஓட்டோவுக்குள் வரும்போது சுந்தரம் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தார். அதில் மதர்போர்டு இருந்தது, மின்னழுத்தம் இருந்தது, ஓர் இங்கிலீஷ் சொல்லும் இருந்தது. வாயைத் திறந்தார். கடை முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மயில்” என்றார்.

“என்னது?”

“நான் போட்ட மயில்தான். அது மறைச்சுப்போட்டுது. கழட்ட இரண்டு சொடுக்குத்தான். அப்டேட் பண்ணேக்க அதுவே கேட்டது, நான்தான் வாசிக்காமல் ஓம் எண்டு குத்தினனான்.” வந்ததோ வந்தது என்று மிச்சத்தையும் சொன்னார். “வேற கடையளிலயும் இதே பிரச்சினை எண்டு சொன்னதும் பொய், அக்கா.”

முதலில் சிரித்தவர் தியாகராசா. பிறகு கடையே சிரித்தது. தையற்கடைக்காரர் திரும்பவும் எட்டிப் பார்த்தார். நேசமலர் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கனகேஸ்வரி சிரிக்கவில்லை, தட்டுவதையும் நிறுத்தவில்லை. ஆட்கள் கொஞ்சம் கலைந்த பிறகு சுந்தரம் பக்கத்தில் போய் நின்றபோது மட்டும், தணிந்த குரலில், “அது எனக்கு அப்பவே தெரியும், தம்பி” என்றார். “நீங்கள் ஓட்டோவில ஏறினவுடனை எதிர்க்கடைக்குப் போய்ப் பார்த்தனான். எல்லாம் நல்லா வேலை செய்யுது. வரிசை நீளமாக் கிடந்ததால திரும்பி வந்து இந்தக் கட்டையளைத் தட்டிப் பார்த்தன். கச்சேரியில மேலதிகாரிமார் சொல்லுறதை ஒருக்கா சரிபார்த்துத்தான் எனக்குப் பழக்கம்.”

சுந்தரம் போய் மற்ற நாலு மெஷினிலும் மயிலைக் கழற்றினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நேர்முகம் நடந்து, விசா வர ஐப்பசி ஆகிவிட்டது. அதுவரை கனகேஸ்வரி காலையில் எட்டிலிருந்து பத்துவரை கடைக்கு வந்து தட்டச்சு வகுப்பு நடத்தினார். லொட்ஜ்களில் விசாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு வேறு போக்கும் இல்லை. வகுப்பு நிரம்பி வழிந்தது. சுந்தரமும் முன் கதிரையில் உட்கார்ந்து படித்தார். இடக்கைச் சின்னவிரல் அவருடைய சொல்லைக் கேட்கவேயில்லை. கனகேஸ்வரி கோடு போடும் அடிமட்டத்தால் மேசையில் தட்டி, “திரையைப் பாருங்கோ, தம்பி, விரலைப் பார்க்காதேங்கோ” என்பார். பின்கதிரையிலிருந்து தியாகராசா செருமுவார்.

நோர்வேயில் இருந்து கனகேஸ்வரி இப்போது மாதம் ஒரு மின்னஞ்சல் போடுகிறார். அங்கே பனி, பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, மருமகன் நல்லவர். ஒரு பிழை இருக்காது. டைப்ரைட்டர் பழக்கத்தில், ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் சரியாக இரண்டு இடைவெளி. சுந்தரம் பத்து விரலாலும் பதில் எழுதுவார். ஒரு மணி நேரம் எடுக்கும். அனுப்புவதற்கு முன் நேசமலரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்படியும் ஏழெட்டுப் பிழை பிடிப்பாள்.